உரிமையும் அனுமதியும்: வீட்டுக் கணனியில் பாவனையாளர் அதிகாரம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு பொருள் யாருக்குரியது என்பது ஒரு வினா; அதனை யார் எடுத்தாளலாம் என்பது மற்றொரு வினா. இவ்விரண்டும் வெவ்வேறானவை என்பதை ஈழத்துத் தமிழர் சமுதாயம் நெடுங்காலமாகவே அறிந்து வந்துள்ளது. யாழ்ப்பாணத்து வழக்கங்களை ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி தொகுத்தளிக்க, 1707 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த தேசவழமையில் ஒற்றி என்னும் முறை இடம்பெறுகின்றது. காணியை ஒற்றி வைத்தவன் அதன் உரிமையாளனாகவே நீடிக்கின்றான். பணம் கொடுத்தவனோ வட்டிக்குப் பதிலாக அக்காணியின் விளைவை அனுபவிக்கின்றான். ஒருவனிடம் உரிமை இருக்க, மற்றவனிடம் அனுபோகம் இருக்கின்றது. பங்காளருக்கும் அயற்காணிக்காரருக்கும் அறிவியாது காணியை விற்கலாகாது என்னும் கட்டுப்பாடும் அவ்வழமையில் உண்டு. எனவே உரிமையாளனின் அதிகாரமும் எல்லைக்குட்பட்டதே என்பது பெறப்படும்.

இந்நுண்ணிய வேறுபாடு இன்று வீட்டு மேசையிலுள்ள கணனித் திரையில் வேறொரு வடிவில் எதிர்ப்படுகின்றது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள தொடர்மாடி வீடொன்றில், தந்தை, தாய், பிள்ளைகள், படிப்பதற்காக வந்து தங்கியிருக்கும் உறவினர் எனப் பலர் ஒரே கணனியைக் கையாளுவது புதுமையன்று. அவர்களுள் ஒருவர் தாமே எழுதிய கோப்பைத் திறக்க முற்படும்போது, அணுகுவதற்கு அனுமதி மறுக்கப்பட்டது என்ற அறிவித்தல் தோன்றுகின்றது. கணனி பணம் கொடுத்து வாங்கியது. கோப்புத் தம் கையால் எழுதியது. ஆயினும் அனுமதி இல்லை. இதனைக் கணனியின் பழுதென்று கருதுவோர், வன்தட்டை அழித்துப் பணிசெயல் முறைமையை மீள நிறுவும்படி திருத்துநரிடம் கொடுத்து விடுகின்றனர். பழுதல்லாத ஒன்றைப் பழுதென்று கொண்டு செய்யும் இவ்வைத்தியம் சில வேளைகளில் நோயினும் கொடியதாகி விடுகின்றது. இத்தடை எங்கிருந்து வந்தது, எதன் பொருட்டு வந்தது என்பவற்றை வரலாற்று முறையில் நோக்கின், அதனை நீக்கும் வழியும் தானே புலப்படும்.

நிறுவனக் கணனியும் கடவுச்சொல்லும்

கணனியின் தொடக்க காலத்தில் அனுமதி என்னும் பிரச்சினையே எழவில்லை. பெரிய அறையொன்றை நிறைத்து நின்ற இயந்திரத்தில் ஒரு வேளையில் ஒருவருடைய வேலை மட்டுமே நடைபெற்றது. அறைக் கதவைப் பூட்டினால் அதுவே போதிய காவலாயிற்று. இந்நிலையை மாற்றியது நேரப்பகிர்வு முறையாகும். 1961 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் பெர்னாண்டோ கோர்பற்றோ தலைமையிலான குழுவினர், ஒரே கணனியைப் பலர் ஒரே நேரத்திற் பயன்படுத்தும் முறைமையைச் செய்து காட்டினர். சி.ரி.எஸ்.எஸ். எனப்பட்ட அம்முறைமையில் ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்புகளும் குறிப்பிட்ட அளவு கணனி நேரமும் ஒதுக்கப்பட்டன. ஒருவர் பங்கை மற்றவர் எடுத்துக்கொள்ளாதிருக்க, வருபவர் யாரென அறிதல் வேண்டும். அத்தேவையிலிருந்தே கணனிக் கடவுச்சொல் பிறந்தது.

பூட்டுப் பிறந்ததும் அதனை மீறும் வழியும் பிறந்தது. 1962 ஆம் ஆண்டில் அலன் ஷேர் என்னும் ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கப்பட்ட நேரம் ஆய்வுக்குப் போதாமையால், கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பை அச்சிடும்படி கணனிக்கு வேண்டுகோள் இட்டு, பிறர் கடவுச்சொற்களைப் பெற்றுக்கொண்டார். இதனைப் பல ஆண்டுகளின் பின்னர் அவரே வெளியிட்டார். 1966 ஆம் ஆண்டில் வேறொரு விபரீதம் நிகழ்ந்தது. நிருவாகிகள் இருவர் ஒரே வேளையில் இரு கோப்புகளைத் திருத்திக்கொண்டிருந்தனர். ஒன்று பாவனையாளர்களுக்கான அன்றாட அறிவித்தல். மற்றையது கடவுச்சொற் பட்டியல். திருத்தும் செயலி இரண்டுக்கும் ஒரே பெயருடைய தற்காலிகக் கோப்பைப் பயன்படுத்தியமையால் அவை இடம் மாறின. அதன் பின் கணனியினுள் நுழைந்த ஒவ்வொருவருக்கும் அனைவரது கடவுச்சொற்களும் அறிவித்தலாகத் திரையில் வந்தன.

இவ்விரு நிகழ்ச்சிகளும் பின்வந்த வரலாறு முழுமைக்கும் முன்னுரையாக அமைகின்றன. முதலாவதில், தமக்குரிய பங்கைவிட மிகுதியாக விரும்பிய ஒருவரின் செயல் காணப்படுகின்றது. இரண்டாவதில் தீய எண்ணம் எவரிடத்தும் இல்லை. அதிகாரம் மிக்கவரின் கையில் நேர்ந்த தவறு மட்டுமே உண்டு. வீட்டுக் கணனியைப் பொறுத்தவரை இரண்டாம் வகை ஆபத்தே பெரிது என்பது பின்னர் காட்டப்படும்.

யுனிக்ஸ் வகுத்த ஒழுங்கு

1965 ஆம் ஆண்டளவில் அதே நிறுவகமும் பெல் ஆய்வுகூடமும் ஜெனரல் எலெக்ற்றிக் நிறுவனமும் இணைந்து மல்ற்றிக்ஸ் என்னும் பெரும் முறைமையை உருவாக்க முற்பட்டன. ஒவ்வொரு கோப்புக்கும் யார் யார் என்னென்ன செய்யலாம் என விரிவான பட்டியல் வைத்தல் அதன் சிறப்பியல்புகளுள் ஒன்று. பணியின் தாமதத்தைக் கண்ட பெல் ஆய்வுகூடம் 1969 ஆம் ஆண்டில் விலகிக்கொண்டது. அங்கு பணியாற்றிய கென் தொம்சன், டெனிஸ் றிச்சி ஆகியோர், மல்ற்றிக்ஸின் சிந்தனைகளைச் சுருக்கி, சிறிய இயந்திரத்திற்கும் பொருந்துமாறு யுனிக்ஸ் முறைமையை அமைத்தனர். 1971 ஆம் ஆண்டில் அதன் முதற் கைந்நூல் வெளிவந்தபோது, கோப்பின் உரிமையாளர், ஏனையோர் என்னும் இரு பிரிவுகளே காணப்பட்டன. சிறிது காலத்தின் பின் இவற்றுக்கிடையே குழு என்னும் மூன்றாம் பிரிவும் சேர்ந்தது. ஒவ்வொரு பிரிவினருக்கும் வாசித்தல், எழுதுதல், இயக்குதல் என மூன்று அனுமதிகள்; ஆக ஒன்பது குறிகளில் அனைத்தும் அடங்கின. லினக்ஸ் முறைமையிலும் அப்பிள் கணனிகளிலும் இன்றளவும் இந்த ஒன்பது குறிகளே அடிப்படையாக உள்ளன.

இதனைக் கொழும்பில் வாழ்பவர் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். தொடர்மாடி வீட்டுரிமை பற்றிய 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம், ஒரு கட்டடத்திலுள்ள தனி வீட்டை ஒருவருக்குரியதாகவும், மாடிப்படி, மொட்டைமாடி முதலியவற்றை அனைவருக்கும் பொதுவானவையாகவும் கொள்ள வழி செய்தது. தன் வீட்டுக் கதவினுள் உரிமையாளர்; மாடிப்படியில் வீட்டுக்காரர் குழு; வெளிவாயிலில் ஏனையோர் என்பதே அதன் சாரம். யுனிக்ஸ் வகுத்த ஒழுங்கும் ஏறத்தாழ இத்தகையதே. அக்கட்டடத்தின் எல்லாச் சாவிகளையும் வைத்திருக்கும் காவலரைப்போல, யுனிக்ஸிலும் றூட் எனப்படும் மேலதிகாரப் பாவனையாளர் ஒருவர் உளர். அவருக்கு இவ்வனுமதிக் குறிகள் தடையாவதில்லை.

எல்லாச் சாவியும் ஒருவரிடம் இருப்பதன் தீங்கை அக்காலத்து அறிஞர் உணராமலில்லை. சாதாரண பாவனையாளர் தம் கடவுச்சொல்லை மாற்ற வேண்டுமாயின் தாம் எழுத முடியாத கோப்பொன்றில் எழுத வேண்டியிருந்தது. அந்த ஒரு செயலுக்கு மட்டும் மேலதிகாரத்தைக் கடனாக வழங்கும் உத்தியை றிச்சி வகுத்தார். 1975 ஆம் ஆண்டில் ஜெரோம் சோல்ற்சர், மைக்கல் ஷ்ரோடர் ஆகியோர், ஒவ்வொரு செயலியும் ஒவ்வொரு பாவனையாளரும் தம் பணிக்கு இன்றியமையாத மிகக் குறைந்த அதிகாரத்துடனேயே இயங்க வேண்டும் என்னும் கோட்பாட்டை நிலைநிறுத்தினர். 1980 ஆம் ஆண்டளவில் நியூ யோர்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பவலோ வளாகத்தில் சூடூ என்னும் செயலி எழுதப்பட்டது. வேண்டிய வேளையில் மட்டும் மேலதிகாரம் பெற்று, வேலை முடிந்ததும் அதனைக் கைவிடுவதற்கு அது வழி செய்தது.

பூட்டில்லாத வீடு

இவையனைத்தும் நிறுவனங்களுக்குள் நிகழ்ந்தவை. வீட்டுக் கணனியின் மரபு முற்றிலும் வேறானது. 1981 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணனியை மைக்ரோசொவ்ற் அளித்த டொஸ் முறைமையுடன் வெளியிட்டது. ஒருவருக்கு ஒரு கணனி என்பதே அதன் அடிப்படை எண்ணம். ஒருவரே பயன்படுத்தும் பொருளில் உரிமையாளர் யார் என்று எழுதி வைப்பானேன்? ஆகவே டொஸ் கோப்பமைப்பில் உரிமையாளர் பெயருக்கு இடமே இருக்கவில்லை. வாசிக்க மட்டும் என்ற ஒரு குறி இருந்தது. அதனையும் எவரும் நீக்கலாம். 1995 ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 95 கடவுச்சொல் கேட்டது. எனினும் கேள்விப் பெட்டியைப் புறக்கணித்து மூடிவிட்டு உள்ளே செல்ல முடிந்தது. வாசலில் படம் மட்டும் எழுதிய கதவு அது.

இலங்கையிற் கணனி பரவிய காலமும் இதுவேயாகும். 1983 ஆம் ஆண்டில் தேசிய கணனிக் கொள்கை வகுக்கப்பட்டது. 1984 இல் சின்ரெக் எனப்படும் தகவல் தொழில்நுட்பச் சபை தோன்றியது. 1987 இல் பேராசிரியர் வீ. கே. சமரநாயக்காவின் முயற்சியால் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் கணனித் தொழில்நுட்ப நிறுவகம் நிறுவப்பட்டது. 1995 இல் வர்த்தக அடிப்படையிலான இணையச் சேவை தொடங்கியது. பம்பலப்பிட்டியின் யுனிற்றி பிளாசா கணனிக் கடைகளின் இருப்பிடமாகப் பெயர் பெற்றது. காலி வீதியிலும் கொட்டாஞ்சேனைத் தெருக்களிலும் தொலைபேசி அழைப்புக்கெனத் திறக்கப்பட்ட தொடர்பாடல் நிலையங்களில் தட்டச்சும் இணையமும் இடம்பிடித்தன. ஒருவருக்கு ஒரு கணனி என்னும் அமெரிக்க எண்ணம் இங்கு பொருந்தவில்லை. விலை மிகுந்த கணனி வீட்டுக்கு ஒன்றாகவே வந்தது. சில சமயம் அயல் வீட்டாருக்கும் அதுவே பயன்பட்டது. தனியொருவருக்கென அமைந்த பூட்டில்லாத இயந்திரம், பலர் கூடி வாழும் வீட்டினுள் வந்து சேர்ந்தமையே இந்நாட்டு வீட்டுக் கணனி வரலாற்றின் முதல் முரண்பாடு எனலாம்.

இரு மரபுகளின் சேர்க்கை

நிறுவன மரபு விண்டோஸிலும் தனியாக வளர்ந்து வந்தது. டிஜிற்றல் நிறுவனத்தில் வீ.எம்.எஸ். முறைமையை உருவாக்கியோருள் ஒருவராகிய டேவ் கட்லர், மைக்ரோசொவ்றிற்கு வந்து அமைத்த விண்டோஸ் என்.ரி. 1993 ஆம் ஆண்டு யூலையில் வெளியாயிற்று. அதன் கோப்பமைப்பாகிய என்.ரி.எவ்.எஸ். ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர் ஒருவரையும் அனுமதிப் பட்டியல் ஒன்றையும் கொண்டிருந்தது. பாவனையாளரை அது பெயரால் அறிவதில்லை. எஸ்-1-5-21 எனத் தொடங்கும் நீண்ட இலக்கத் தொடரால் அறிகின்றது. திரையிற் காணும் பெயர், அவ்விலக்கத்தின் மேல் ஒட்டிய சீட்டு மட்டுமே. இந்த உண்மையை அறியாமையே பிற்காலத்து வீட்டுத் தொல்லைகள் பலவற்றுக்கும் காரணமாயிற்று.

2001 ஆம் ஆண்டு ஒக்ரோபரில் வெளியான விண்டோஸ் எக்ஸ்.பி. இரு மரபுகளையும் ஒன்றாக்கியது. அலுவலகத்தின் அனுமதிப் பட்டியல் முதன்முறையாகப் பெருந்தொகையான வீடுகளுக்குள் நுழைந்தது. ஆனால் பழைய பழக்கத்தைக் கைவிட விடாமல், நிறுவும்போது உருவாக்கப்படும் பாவனையாளர் அனைவரையும் அது நிருவாகிகளாகவே ஆக்கியது. வீட்டுப் பதிப்பில் அனுமதிப் பட்டியலைக் காட்டும் பக்கம் சாதாரண நிலையில் மறைக்கப்பட்டிருந்தது. பாதுகாப்பு நிலையிற் கணனியைத் தொடக்கினால் மட்டுமே காணக் கிடைத்தது. சட்டம் நடைமுறையில் இருந்தது. சட்டப் புத்தகம் பெட்டிக்குள் இருந்தது. 2007 ஆம் ஆண்டு சனவரியிற் கடைகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்ரா, நிருவாகியையும் சாதாரண அதிகாரத்துடனேயே இயங்கச் செய்து, பெரிய மாற்றங்களுக்கு மட்டும் திரையை மங்கச் செய்து இசைவு கேட்டது. பலர் இதனைத் தொந்தரவென்று வெறுத்தனர். சோல்ற்சரும் ஷ்ரோடரும் 1975 இல் கூறிய கோட்பாடு, முப்பது ஆண்டுகளின் பின் வீட்டு வாசலில் வந்து நின்றதை அவர்கள் அறிந்தாரில்லை.

தடையின் காரணம் காணும் முறை

மேற்கூறிய வரலாற்றை உணர்ந்தவர் தடையைக் கண்டவுடன் பதற்றமடையார். யார், எங்கே, எவர் உரிமை, வேறு தடை உண்டா என்னும் நான்கு வினாக்களை ஒழுங்காக எழுப்பினால் பெரும்பாலான தொல்லைகள் விளங்கிவிடும்.

முதலில், எந்தப் பாவனையாளராகக் கணனி தம்மை அறிந்திருக்கின்றது என்பதைக் காணல் வேண்டும். தங்கையின் கணக்கில் இருந்துகொண்டு அண்ணனின் கோப்பைத் திறக்க முயல்வதும் உண்டு. நிருவாகிக் கணக்கில் இருந்தாலும், இசைவு பெறாத செயலி சாதாரண அதிகாரத்துடனேயே இயங்கும். ஒருவரைப் புதிதாகக் குழுவிற் சேர்த்தால், அவர் வெளியேறி மீண்டும் உள்நுழையும் வரை அது பயன் தராது. உள்நுழையும் வேளையிலேயே அதிகாரச் சீட்டு எழுதப்படுவதே இதற்குக் காரணம்.

இரண்டாவதாக, தடை கோப்பில் உள்ளதா, அதனைக் கொண்ட கோப்புறையில் உள்ளதா எனப் பிரித்தறிதல் வேண்டும். யுனிக்ஸ் மரபில் ஒரு கோப்பை நீக்கும் அதிகாரம் அக்கோப்பின் அனுமதியைச் சார்ந்ததன்று. அது கோப்புறையின் அனுமதியைச் சார்ந்தது. விண்டோஸில் ஒரே வன்தட்டுப் பிரிவினுள் கோப்பொன்றைப் பெயர்த்து வைத்தால் அது பொதுவாகத் தன் பழைய அனுமதிகளையே கொண்டு செல்லும். பிரதி செய்தாலோ புதிய இடத்தின் அனுமதிகளைப் பெறும். தன் தனிக் கோப்புறையிலிருந்து பொதுக் கோப்புறைக்கு மகன் பெயர்த்து வைத்த ஆவணத்தைத் தாய் திறக்க முடியாமற் போவது இதனாலேயே. பென் டிரைவுகளில் வழக்கமாகக் காணப்படும் பழைய கோப்பமைப்பில் உரிமையாளர் பெயருக்கு இடமில்லாமையால், அதன் வழியாகச் சென்ற கோப்பு இத்தடைகளை இழந்துவிடுகின்றது.

மூன்றாவது வினாவே மிகுந்த தொல்லை தருவது. முறைமையை மீள நிறுவிய பின்னரோ, பழைய கணனியின் வன்தட்டைப் புதிய கணனியிற் பொருத்திய பின்னரோ, பழைய கோப்புறைகள் திறவாமல் மறுக்கின்றன. புதிய கணக்குக்கும் பழைய பெயரையே வைத்திருக்கலாம். இலக்கம் வேறாகையால் கணனிக்கு அவர் வேற்றாளே. உரிமையாளர் இருக்க வேண்டிய இடத்தில் பெயரற்ற நீண்ட இலக்கம் மட்டும் காணப்படும். அப்போது நிருவாகி, அக்கோப்புறையின் உரிமையைத் தம் பெயருக்கு ஏற்றுக்கொண்டு, பின்னர் அனுமதியை வழங்கலாம். உரிமையேற்பு ஒன்று, அனுமதி வழங்கல் மற்றொன்று. முன்னது மட்டும் செய்து பின்னதை மறந்தவர் மீண்டும் அதே மறுப்பையே காண்பர். ஒற்றிக்காணியின் உரிமை வேறு, அனுபோகம் வேறு என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது. லினக்ஸில் நிலைமை எதிர்மாறானது. உபுந்து போன்றவற்றில் முதற் பாவனையாளருக்கு 1000 என்னும் இலக்கம் வழங்கப்படுவதால், ஒருவர் வீட்டு வன்தட்டை மற்றொருவர் வீட்டிற் பொருத்தினால், அங்குள்ள முதற் பாவனையாளரே கோப்புகளின் உரிமையாளராகி விடுவார். ஒரு முறைமை உரியவரையும் மறுக்கின்றது. மற்றது உரியவரல்லாதாரையும் ஏற்கின்றது. இரண்டும் இலக்கத்தை மனிதர் என்று கொண்டதன் விளைவுகளே.

நான்காவதாக, அனுமதிபோற் தோன்றும் பிற தடைகளை விலக்கிப் பார்த்தல் வேண்டும். வேறொரு செயலி கோப்பைத் திறந்து வைத்திருக்கலாம். வாசிக்க மட்டும் என்ற பழைய டொஸ் குறி எஞ்சியிருக்கலாம். விண்டோஸ் 10 இல் 2017 முதல் உள்ள கோப்புறைக் காவல் அறிமுகமற்ற செயலியைத் தடுத்திருக்கலாம். பட்டியலில் வெளிப்படையாக மறுப்பு ஒன்று எழுதப்பட்டிருப்பின், அது அதனோடு எழுதப்பட்ட அனுமதியை மேற்கொள்ளும். எல்லோருக்கும் மறுப்பு என்று எழுதியவர், அவ்வெல்லோருள் தாமும் ஒருவர் என்பதை மறந்துவிடுகின்றார்.

காரணம் கண்ட பின் மருந்து சிறிதாக இருத்தல் வேண்டும். ஒரு கோப்புறைக்குரிய தடையை நீக்க, வன்தட்டு முழுவதையும் எல்லோருக்கும் திறந்துவிடுவது பலர் கையாளும் குறுக்கு வழி. இதனை ஒரே சொடுக்கில் மீளப்பெற முடியாது. லினக்ஸில் முழு முறைமைக்கும் 777 என்னும் அனுமதியை வழங்கியவர், சூடூ செயலியே இயங்க மறுப்பதைக் காண்பார். மேலதிகாரத்தைக் கடனாக வழங்கும் சிறப்புக் குறி அந்த மாற்றத்தால் அழிந்துவிடுவதே காரணம். எல்லோருக்கும் எல்லா அதிகாரமும் வழங்கப் புகுந்தவர், உள்ளதையும் இழக்கின்றார். 1966 இல் நிகழ்ந்த நிருவாகியின் தவறு இவ்வாறு வீடுதோறும் மீள நிகழ்கின்றது.

எழுத்துருவும் அதிகாரமும்

தமிழ் எழுதுவோருக்கு அனுமதிப் பிரச்சினை இன்னொரு வகையிலும் நேர்ந்தது. விண்டோஸ் 2000 முதல் யுனிக்கோட் தமிழுக்கு இடமளிக்கப்பட்டது. எனினும் எக்ஸ்.பி. கணனிகளில் அதற்கான துணைக் கோப்புகள் தாமாக நிறுவப்படவில்லை. நிருவாகியின் அதிகாரத்துடன், சில வேளை மூல இறுவட்டையும் இட்டு, அவற்றைச் சேர்க்க வேண்டியிருந்தது. இலங்கையில் அச்சகங்களிலும் தட்டச்சு நிலையங்களிலும் பெருவழக்காயிருந்தது பாமினி எழுத்துரு. அதில் எழுதிய ஆவணம், அவ்வெழுத்துரு இல்லாத கணனியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகவே தோன்றும். எழுத்துருவை நிறுவுவதற்கோ நிருவாகியின் அதிகாரம் வேண்டும். 2018 ஆம் ஆண்டு வரையில் விண்டோஸில் இந்நிலை நீடித்தது. அதன் பின்னரே சாதாரண பாவனையாளர் தமக்கு மட்டுமாக எழுத்துருவை நிறுவிக்கொள்ள இடமளிக்கப்பட்டது.

இதன் பொருள் ஆழமானது. ஆங்கிலத்தில் எழுதியவர் எந்தக் கணனியிலும் தம் எழுத்தை வாசித்தார். தமிழில் எழுதியவரோ, பொதுக் கணனியில் தம் விண்ணப்பத்தைத் தாமே வாசிப்பதற்கு இன்னொருவரின் அதிகாரத்தை வேண்டி நின்றார். எவரும் தமிழைத் தடுக்க எண்ணி இவ்விதியை அமைக்கவில்லை. ஆயினும் எழுத்துரு என்பது அலங்காரப் பொருள் என்று கருதி அமைத்த விதி, எழுத்துருவே மொழியாயிருந்த ஒரு சமூகத்தின்மேல் தடையாக வந்து விழுந்தது. நடுநிலையான விதியும் எல்லோர்மேலும் ஒரே பாரமாக விழுவதில்லை என்பதற்கு இது தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

இழப்பும் பொறுப்பும்

அனுமதியின்மை வேறு, மறைகுறியாக்கம் வேறு என்பதையும் வரலாறு கற்பிக்கின்றது. அனுமதிப் பட்டியல் என்பது வாசற் காவலன். காவலனை மாற்றினால் உள்ளே செல்லலாம். மறைகுறியாக்கமோ எழுத்தையே மாற்றிவிடுகின்றது. விண்டோஸ் 2000 உடன் வந்த கோப்பு மறைகுறியாக்கத்தைப் பயன்படுத்தியவர், அதன் திறவுகோலைப் பாதுகாவாமல் முறைமையை அழித்து மீள நிறுவினால், எந்த நிருவாகியும் அக்கோப்பை மீட்டுத் தர இயலாது. அண்மைக் காலத்துக் கணனிகள் பலவற்றில் வன்தட்டு முழுவதும் தானாகவே மறைகுறியாக்கப்படுகின்றது. மீட்புத் திறவுகோல் உரியவரின் மைக்ரோசொவ்ற் கணக்கிற் சேமிக்கப்படுகின்றது. அக்கணக்கு கடைக்காரர் பெயரிலோ, கடல் கடந்து சென்ற மகனின் மறந்துபோன முகவரியிலோ இருப்பின், வீட்டார் நிலை யாது? ஆகவே அனுமதி மறுக்கப்பட்டதும் முறைமையை மீள நிறுவுதல், திறக்கக்கூடிய கதவை என்றும் திறவாச் சுவராக்கும் செயலாகவும் முடியலாம்.

இது வெறும் தொழில்நுட்ப வினாவன்று. 1983 யூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் வீடுகள் தீக்கிரையானபோது, பிறப்புச் சான்றிதழ்களும் காணி உறுதிகளும் திருமணப் புகைப்படங்களும் சேர்ந்தே எரிந்தன. தாம் யாரென நிறுவும் தாளை இழந்தவர் எத்தனை படிகள் ஏறியிறங்க வேண்டும் என்பதை அத்தலைமுறை நன்கறியும். இன்று அத்தகைய ஆவணங்களின் பிரதிகள் வன்தட்டுக்களில் உள்ளன. பிள்ளைகள் கனடாவிலும் இங்கிலாந்திலும் வாழ, பெற்றோர் மட்டும் எஞ்சிய வீடுகளில், கடவுச்சொல்லை அறிந்தவர் வீட்டில் இல்லாத நிலை அரிதன்று. அன்று தீ செய்த இழப்பை இன்று கவனக்குறைவு ஓசையின்றிச் செய்துவிட முடியும்.

ஆதலால் நிருவாகி அதிகாரம் வீட்டில் யாரிடம் உள்ளது என்னும் வினா எழுகின்றது. பெரும்பாலும் அது கணனியை முதலில் நிறுவியவரிடம் தங்கிவிடுகின்றது; மூத்த மகனிடம் இருக்கலாம், திருத்துநரிடமும் இருக்கலாம். அவ்வதிகாரம் உடையவர் தங்கையின் கடிதத்தையும் தந்தையின் வங்கிக் கணக்கையும் பார்க்க வல்லவர். பிறர் கணனியை உரிய அதிகாரமின்றி அணுகுதலை 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணனிக் குற்றச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. வீட்டினுள் நம்பிக்கையே முதற் சட்டம். அன்றாடப் பணிகளை ஒவ்வொருவரும் சாதாரண கணக்கிலேயே செய்தல், நிருவாகிக் கணக்கைத் தனியாக வைத்து அதன் கடவுச்சொல்லை வீட்டில் இருவரேனும் அறிந்திருத்தல், மீட்புத் திறவுகோலைத் தாளில் எழுதிக் காணி உறுதியுடன் சேர்த்து வைத்தல், பொது ஆவணங்களுக்குப் பொதுக் கோப்புறை அமைத்தல், அவற்றின் பிரதியை வேறு வன்தட்டிற் காத்தல், வீட்டைவிட்டு நெடும்பயணம் செல்பவர் தம் பொறுப்பை ஒப்படைத்துச் செல்லல் ஆகியவை வரலாறு காட்டும் எளிய வழிகள்.

நேரப்பகிர்வுக் காலத்து அறிஞர் பூட்டை அமைத்தது, ஒருவரையொருவர் அறியாதவர் ஓர் இயந்திரத்தைப் பகிர்வதற்காக. டொஸ் காலத்தவர் பூட்டை அகற்றியது, பகிர்வே இல்லையென்று எண்ணியதால். ஒருவரையொருவர் நன்கறிந்தவர் கூடிப் பகிரும் வீட்டை இவ்விரு சாராருமே நினைத்துப் பார்க்கவில்லை. அவ்வீட்டுக்கு வேண்டிய ஒழுங்கை அதில் வாழ்வோரே வகுத்துக்கொள்ளல் வேண்டும். உரிமை யாரிடம், அனுபோகம் யாரிடம் என்பதை உறுதியில் எழுதி வைத்த சமுதாயத்திற்கு அது கடினமான பணியன்று.